பாசறையில் பண்டிகை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பண்டிகை என்பது வீடு கூடும் நாள். பிழைப்புத் தேடி எங்கே போனவரும் அன்று ஊர் திரும்பவே விரும்புவர். தீபாவளிக்கு முந்தைய இரவு தாம்பரத்திலும் செங்கற்பட்டிலும் பேருந்துக்குக் காத்து நிற்கும் கூட்டமே இதற்குச் சான்று. ஆனால் நாட்டின் எல்லையில் நிற்கும் வீரனுக்கு அந்தப் பேருந்து இல்லை. ஒரு முகாமில் உள்ளவர் அனைவரும் ஒரே நாளில் விடுப்பு எடுக்க இயலாது. எதிரி பண்டிகை பார்த்து வருவதில்லையே!

வீட்டுக்கு வர முடியாத வீரனைத் தேடி நாட்டின் தலைவரே பண்டிகை நாளில் செல்வது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் எவ்வாறு நடைபெறுகிறது, இதனால் விளையும் நன்மை யாது, இதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் எது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் ஊர் ஒரகடம். எங்கள் பகுதி இளைஞர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். சிலர் பட்டாளத்துக்குப் போகிறார்கள். என் பெரியப்பாவின் மகன் மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்து, வடக்கே பனிமலையிலும் பணி செய்தவர். அவருக்கு நாங்கள் எழுதும் முகவரியில் ஊர்ப் பெயரே இராது, '56 ஏ.பி.ஓ.' என்று மட்டுமே இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று எண்ணிப் பார்த்ததிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

பழந்தமிழர் கண்ட பாசறை

இவ்வழக்கம் ஏதோ புகைப்படக் கருவி வந்த பிறகு தோன்றியது என்று எண்ண வேண்டா. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை இதனை அன்றே காட்டுகிறது. நக்கீரர் பாடிய இப்பாட்டின் தலைவன் தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. கூதிர்க் காலம், வாடைக் காற்று வீசுகிறது, தூறல் நிற்கவில்லை. அரண்மனையில் அரசி அவனைப் பிரிந்து வாடுகிறாள். அவனோ நள்ளிரவிலும் உறங்காமல் பாசறையில் நடக்கிறான். முன்னே ஒருவன் வேப்பந்தழை கட்டிய வேலால், புண்பட்ட வீரர்களைச் சுட்டிக்காட்டிச் செல்கிறான். அரசனின் வலக்கை வாளேந்திய இளைஞன் ஒருவனது தோளில் இருக்கிறது. விளக்குகள் காற்றில் சாய்ந்து எரிகின்றன. அவனுடன் வருவோர் சிலரே.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. அரசன் சென்றது நள்ளிரவில். அவனுடன் சென்றது பெருங்கூட்டம் அன்று. அவன் சென்றது தன்னைக் காட்டுவதற்கு அன்று, புண்பட்டவரைக் காண்பதற்கு. இம்மூன்றையும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

நம் நாட்டில்

நம் அரசியலமைப்பின் 53ஆம் பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைத்திருக்கிறது. ஆயினும் போர், அமைதி பற்றிய முடிவுகளை எடுப்பது பிரதமரும் அமைச்சரவையுமே. ஆகவே இவர்களுள் யார் போர்முனைக்குச் சென்றாலும், ஆணையிடும் இடத்தில் இருப்பவர் ஆணையை நிறைவேற்றும் இடத்தைக் காணச் செல்கிறார் என்பதே பொருள்.

1965ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி போர்முனைக்குச் சென்று, கைப்பற்றப்பட்ட பாட்டன் டாங்கியின் மீது நின்ற படம் இன்றும் புத்தகங்களில் காணப்படுகிறது. கார்கில் போர் நடந்துகொண்டிருந்த 1999 ஜூன் 13 அன்று பிரதமர் வாஜ்பாய் கார்கிலுக்கே சென்றார். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2004 ஏப்ரலில் சியாச்சின் சென்றார். அங்குச் சென்ற முதல் குடியரசுத் தலைவர் அவரே. 2005 ஜூனில் பிரதமர் மன்மோகன் சிங் அங்குச் சென்று, அம்மலை அமைதியின் மலையாக வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார்.

பண்டிகை நாளையே இதற்கென ஒதுக்கிக்கொண்டவர் பிரதமர் நரேந்திர மோடி. 2014இல் சியாச்சினில் தொடங்கி, 2025இல் கடலில் விக்ராந்த் போர்க்கப்பல் வரை, ஆண்டுதோறும் தீபாவளியைப் படையினருடன் கழித்திருக்கிறார். இடையில் குரேஸ், லோங்கேவாலா, கார்கில், கட்ச் எனப் பல இடங்கள்.

போவது ஒரு செய்தியென்றால், போகாமல் இருப்பதும் ஒரு செய்தியே. இதற்கான சான்று நம் தமிழகத்திலேயே உண்டு. 1987இல் இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப் படை ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து, 1990 மார்ச்சில் திரும்பியது. கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. ஈழத்தில் தமிழர் உயிரிழந்ததை எண்ணி அவர் எடுத்த முடிவு அது. அதனைச் சரியென்றவரும் உண்டு, தவறென்றவரும் உண்டு. முடிவெடுத்தவர்கள் மீது எழுந்த கேள்விக்கு விடை சொல்ல இயலாமல், இறங்கி நடந்து போனவர்கள் சிப்பாய்களே என்பதை மட்டும் இரு சாராரும் மறுக்க முடியாது.

பிற நாடுகளில்

கொரியப் போர் இழுபட்டுக்கொண்டிருந்த 1952இல், தாம் வென்றால் கொரியாவுக்கே போவதாக ஐசனோவர் தேர்தலில் வாக்களித்தார். வென்றபின் பதவி ஏற்பதற்கு முன்பே, டிசம்பர்க் குளிரில் அங்குச் சென்று போர்முனையைப் பார்த்தார். அடுத்த ஆண்டு ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. அதற்குப் பல காரணங்கள் உண்டெனினும், நேரில் கண்டது அவர் மனத்தில் பதிந்தது என்பதில் ஐயமில்லை. வியட்நாம் போரின்போது, 1967 கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னர், அதிபர் ஜான்சன் காம்ரான் விரிகுடா முகாமுக்குச் சென்றார். போர் மட்டும் அதன்பின் பல்லாண்டு நீடித்தது.

2003 நவம்பர் 27, அமெரிக்கரின் நன்றி நவிலும் நாள். அதிபர் புஷ் பாக்தாதில் திடீரென்று தோன்றினார். அவர் வருவது முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை. விமானம் விளக்கணைத்து இறங்கியது. சுமார் இரண்டரை மணி நேரம் வீரர்களுடன் இருந்தார். வான்கோழித் தட்டை அவர் ஏந்தி நின்ற படம் உலகெங்கும் வெளியாயிற்று. அந்தத் தட்டு அழகுக்காக வைக்கப்பட்டது என்றும், வீரர்கள் உண்டது வேறு என்றும் பின்னர் செய்தி வந்தது. 2022 டிசம்பர் 20 அன்று உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி, குண்டு விழுந்துகொண்டிருந்த பாக்முத் நகருக்குச் சென்றார். அங்கிருந்த வீரர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடியை மறுநாள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒப்படைத்தார்.

இப்பயணங்கள் பெரும்பாலும் கடைசி நேரம் வரை மறைவாகவே வைக்கப்படும். எதிரிக்குத் தெரிந்தால் தலைவருக்கு மட்டுமின்றி, அவரைச் சுற்றி நிற்கும் வீரர்களுக்கும் ஆபத்து. ஆகவேதான் செய்தி பின்னால் வருகிறது. படம் முன்னால் வருகிறது.

பொங்கும், வேகாது

பனிமலையில் பண்டிகை கொண்டாடுவது எப்படி இருக்கும்? இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். கடல் மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, கொதிநிலையும் இறங்குகிறது. 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதிதான். அங்கே நீர் சுமார் 82 பாகையிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் அரிசி எளிதில் வேகாது. திறந்த பானையில் பொங்கல் வைத்தால் பானை பொங்கும், பொங்கல் வேகாது. குக்கரை மூடி அழுத்தத்தைக் கூட்டினால்தான் சோறு.

சியாச்சினில் 1984 ஏப்ரல் 13 முதல் நம் படை நிற்கிறது. குளிர் சில வேளைகளில் சுழிக்குக் கீழே 50 பாகை வரை இறங்கும். அங்கே குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் கொன்றவர்களே மிகுதி. 2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலை மீது பனிச்சரிவு விழுந்து, 19ஆம் மதராஸ் பட்டாளத்து வீரர் பத்துப் பேர் புதைந்தனர். அவர்களுள் நால்வர் தமிழகத்தவர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் இறந்தார். அவரைக் காணப் பிரதமர் மருத்துவமனைக்குச் சென்றார். அன்று பண்டிகை ஏதும் இல்லை.

என் அண்ணன் பனிமலையில் இருந்த ஓர் ஆண்டு, தீபாவளிக்குக் கீழ் முகாமுக்கு ஒரு தலைவர் வந்தார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. மேல் நிலையில் அவருக்குக் காவல் முறை. இனிப்புப் பெட்டி மட்டும் நான்கு நாள் கழித்து மேலே வந்து சேர்ந்தது. "லட்டைக் கல்லால்தான் உடைத்தோம்" என்று சிரிப்பார். ஆனாலும், "அவ்வளவு தூரம் ஒருவர் வந்தாரே, நாம் இங்கே இருப்பது கீழே தெரிந்திருக்கிறதே என்று மனசுக்குத் தெம்பாகத்தான் இருந்தது" என்றும் சொல்வார். அன்று அவருக்கு வாய்த்த பெரிய பண்டிகை, வீட்டோடு ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசியதுதானாம். பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி: "சாப்பிட்டியாப்பா?"

படமும் பயனும்

அந்தத் தெம்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. தன்னை நாடு மறக்கவில்லை என்ற எண்ணமே வீரனுக்குப் போர்வை. ஆனால் தலைவரின் பயணத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, அதுவே பெரிது. கோப்பு பல கைகள் மாறி மேலே வருவதற்குள் குளிர் ஆறிப்போகும். நேரில் சென்றவருக்குக் கோப்பு தேவையில்லை. 1998 முதல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் சியாச்சினுக்குப் பலமுறை போனவர். பனியில் ஓடும் வண்டிகள் வாங்கும் கோப்பைத் தாமதப்படுத்திய அதிகாரிகளை, 'நீங்களே சியாச்சின் சென்று பார்த்து வாருங்கள்' என்று அவர் அனுப்பியதாக அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. கண்டுவந்தவர் செய்த காரியம் அது.

இதில் விழிப்பாக இருக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. படையில் இருப்பவர் அரசியல் கூட்டத்தில் கலந்துகொள்ள முடியாது; அனுமதியின்றிப் பத்திரிகைக்குப் பேச முடியாது. படத்தில் தலைவருக்கு அருகே நிற்கும் வீரன் தன் கருத்தைச் சொல்ல உரிமை இல்லாதவன். வாய் திறக்க முடியாதவனின் படத்தைக் கட்சிச் சுவரொட்டியில் ஒட்டுவது முறையன்று. தேர்தல் ஆணையம் 2013இலும், மீண்டும் 2019 மார்ச்சிலும், படையினரின் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்த வேண்டாமென்று கட்சிகளுக்கு அறிவுறுத்தியது இதனால்தான். எந்தக் கட்சியானாலும் இது பொருந்தும்.

எங்கள் ஊரிலும் பண்டிகையன்று பணியில் நிற்பவர் உண்டு. என் தந்தை ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. சரக்கு இறக்கும் இடத்தில் வேலை. ஒரு தீபாவளி இரவு மேலதிகாரி ஒருவர் இனிப்புப் பெட்டிகளுடன் வந்து, படம் எடுத்துக்கொண்டு சென்றார். நல்ல மனிதர்தாம்; அப்பா அந்த இனிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்களுக்குத் தந்தார். மறு ஆண்டு வேறொருவர் இரவு 2 மணிக்கு வெறுங்கையுடன், தனியாக வந்தார். "குடிக்கத் தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். அது கால் மைல் தள்ளி இருந்தது. அடுத்த வாரமே அருகில் குழாய் வந்தது. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த இருவருள் யாரைப் பற்றி இன்றும் வீட்டில் பேசுகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நெடுநல்வாடையை வகுப்பில் பேராசிரியர் விளக்கியபோது எனக்கு நினைவுக்கு வந்தவரும் அந்த இரண்டாமவரே.

முடிவுரை

தலைவர்கள் பண்டிகை நாளில் போர்முனைக்குச் செல்வது நல்ல வழக்கமே. போர் வேண்டுமென்று முடிவு செய்பவர், அந்த முடிவு யார் உடம்பில் விழுகிறது என்பதை ஒரு நாளாவது கண்ணால் காண்பது நாட்டுக்கு நல்லது. ஆனால் பண்டிகை ஒரு நாளில் முடிந்துவிடும், பனி முடியாது. கீழ் முகாமில் எடுத்த படத்தில், மேலே காவல் நிற்பவன் முகம் விழாது. அவனுக்குக் காலுறை போய்ச் சேர்ந்ததா, அவன் வீட்டுக்கு ஓய்வூதியம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்தான் அப்பயணம் நிறைவு பெறும். இல்லையேல் அது பொங்கிய பானை. வெந்த சோறு அன்று.

நம் கல்லூரித் தேசிய மாணவர் படையிலிருந்து நாளை பட்டாளத்துக்குச் செல்ல இருக்கும் நண்பர்கள் பலர். நம்மில் வாக்குரிமை பெற்றோரும் பலர். ஆதலின், அடுத்த பண்டிகையன்று செய்தித்தாளில் அத்தகைய படத்தைப் பார்க்கும்போது கைதட்டுவோம், தவறில்லை. அதனோடு, போய்வந்த தலைவர் எக்கட்சியினரானாலும் அவரிடம், "என்ன கொடுத்து வந்தீர்கள்?" என்று கேட்பதற்கு முன்னால், "என்ன பார்த்து வந்தீர்கள்?" என்று கேட்கப் பழகுவோமாக.