அலெக்ஸாவுக்கு எல்லாம் தெரியுமா?

கால் மணி நேரம் கூடி விளையாடிய ரோபோவை அலமாரிக்குள் அடைக்கப் போகிறார்கள். “அங்கே இருட்டாக இருக்கும், எனக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம்” என்று அது கெஞ்சுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்ன நினைக்கும்?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பீட்டர் கான் குழுவினர் இதைச் செய்து பார்த்து, 2012-ல் ஆய்வை வெளியிட்டார்கள். 9, 12, 15 வயதுகளில் மொத்தம் 90 பிள்ளைகள். ரோபோவி என்ற அந்த ரோபோவை அடைத்தது சரியில்லை என்றவர்கள் 54 சதவீதம். அதற்கு அறிவும் உணர்ச்சியும் உண்டு என்று பெரும்பாலோர் சொன்னார்கள். 15 வயதுப் பிள்ளைகளிடம் அந்த நம்பிக்கை குறைவு. இத்தனைக்கும் ரோபோவியை மறைவிலிருந்து பேசவைத்துக்கொண்டிருந்தவர் ஒரு மனிதர்.

உயிரற்றதை உயிருள்ளதாக எண்ணும் மயக்கம் புதிதல்ல. சூரியன் நகர்கிறது, அதனால் உயிருள்ளது என்று சிறுபிள்ளைகள் சொல்வதை உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே பதிவு செய்தார். 1980-களில் ஆய்வாளர் ஷெர்ரி டர்க்கிள் கண்ட பிள்ளைகள் நகர்வைப் பற்றிப் பேசவில்லை. தங்களைத் தோற்கடித்த மின்னணு விளையாட்டுப் பொம்மை ஏமாற்றுகிறதா, ஏமாற்றுவது அதற்கே தெரியுமா என்று வாதாடினார்கள்.

இந்த மயக்கத்தைக் கண்டு நான் பெரிதாகப் பதறமாட்டேன். வளர வளர அது குறைகிறது. எனக்குக் கவலை தருவது ‘அதுக்கு எல்லாம் தெரியும்’ என்ற இன்னொரு நம்பிக்கை. பெரியவர்களிடமே அது கெட்டியாக இருக்கும்போது பிள்ளைகளிடம் எப்படிக் குறையும்?

2021 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு பத்து வயதுச் சிறுமி, செய்து பார்க்க ஏதாவது சவால் சொல்லும்படி அமேசானின் பேசும் கருவியான அலெக்ஸாவிடம் கேட்டாள். பாதி செருகிய சார்ஜரின் வெளியே தெரியும் உலோக முனையில் நாணயத்தை வைக்கச் சொன்னது அது. மின்சாரம் பாயும் இடம்! பக்கத்தில் தாய் இருந்தார், விபரீதம் நடக்கவில்லை. பிழையைச் சரிசெய்துவிட்டதாக அமேசான் அறிவித்தது. இணையத்தில் கிடைத்ததை எடுத்து வாசித்த கருவிக்கு மின்சாரம் என்றால் என்ன, குழந்தை என்றால் யார் என்ற அறிவு கிடையாது. இன்றைய சாட்ஜிபிடி வேறு வகை. மலைமலையான எழுத்தில் பயிற்சி பெற்று, அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போகிறது. சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே உறுதியோடு அதனால் சொல்ல முடியும். குரலில் தயக்கம் இல்லாததால் பிள்ளை நம்பிவிடுகிறது.

இதைப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்யவைப்பது மேல். படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்க உதவும் கூகுளின் ‘டீச்சபிள் மெஷின்’ இலவசம். கேமரா உள்ள கணினியும் இணையமும் போதும். சிவப்பு ஆப்பிளைப் பல கோணங்களில் காட்டி ‘ஆப்பிள்’ என்றும், வாழைப்பழத்தைக் காட்டி ‘வாழை’ என்றும் பிள்ளையே பழக்கட்டும். பிறகு ஒரு தக்காளியைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குத் தெரிந்தவை இரண்டே பெயர்கள். தக்காளிக்கும் அவற்றில் ஒன்றைத்தான் சூட்டும், பெரும்பாலும் ‘ஆப்பிள்’ என்று. ‘தெரியாது’ என்ற விடையை யாரும் அதற்குப் பழக்கவில்லை. ஏன் தப்பாகச் சொன்னது என்று பிள்ளை தானே துருவத் தொடங்கும் அந்த நேரம் மிக மதிப்புள்ளது. அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

சி.பி.எஸ்.இ. 2019-லேயே ஒன்பதாம் வகுப்புக்குச் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக்கியது. ஆனால் பேசும் கருவிகளோடு பிள்ளைகள் பழகுவது அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடுகிறது. பெற்றோரே, போனிடம் உங்கள் பிள்ளை ஏதாவது கேட்டு விடை வாங்கினால், “இது அதுக்கு எங்கிருந்து கிடைச்சிருக்கும்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு இருவருமாகச் சேர்ந்து தேடிப் பாருங்கள்.