வாசலுக்கு எந்த வண்ணம்?

பொங்கல் திருநாள் நெருங்குகையில், தென்பெண்ணைக் கரையையொட்டிய சோரியாங்குப்பம் போன்ற சிற்றூர்களில் இல்லந்தோறும் ஒரு வினா எழும்: ‘இவ்வாண்டு வாசலுக்கு என்ன வண்ணம் பூசலாம்?’ கடைக்காரர் நீட்டும் அட்டையில் நிறங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் வாசல் திருமகள் எழுந்தருளும் இடம். இல்லத்து முதியோர் நாள்தோறும் ஏறி இறங்கும் இடமும் அதுவே. இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு நிறம் தேர்வதே முறை.

முன்னோர் சுவருக்குச் சுண்ணாம்பும், திண்ணை விளிம்புக்கும் படிக்கும் காவியும் பூசினர். திருக்கோயில் மதில்களில் நாம் காணும் வெள்ளையும் காவியுமே இல்லத்து வாசலிலும் இடம்பெற்றன. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகுவது. சுவரின் ஈரத்தையும் வெளியேற விடுவது. ஆற்றங்கரை ஊர்களுக்கு அது மிகப் பொருத்தம். காவியின் செம்மை இரும்புச் சத்தால் அமைந்ததாதலின், சுண்ணாம்பின் காரத்தால் மாறுவதில்லை. மஞ்சளோ சுண்ணாம்புடன் சேர்ந்தால் சிவந்துவிடும். ஆரத்தி நீரின் சிவப்பு அவ்வாறு விளைவதே. எனவேதான் மஞ்சளைச் சுவருக்குப் பூசாமல், நிலைப்படிக்கு அவ்வப்போது புதிதாக அரைத்துப் பூசினர்.

இந்நாளில் பல இல்லங்களில் நிலைப்படிக்கு மஞ்சள் பெயிண்டே அடித்து, குங்குமப் பொட்டையும் தூரிகையால் வைத்துவிடுகின்றனர். அதில் குற்றமில்லை. ஆனால் தரையில் வெள்ளை டைல்ஸ் பதித்து, படிக்கு வெளிர்மஞ்சள் பூசினால் இடர் உண்டாகும். கண்புரை வளருங்கால் விழிவில்லை பழுப்பேறும்; வெண்மையும் வெளிர்மஞ்சளும் ஒன்றெனத் தோன்றும். படியின் விளிம்பு புலப்படாது. ஒருமுறை இடறி இடுப்பெலும்பு முறிந்தால், மாதக்கணக்கில் படுக்கை. பிரதோஷத்துக்குப் பாகூர் மூலநாதர் சந்நிதிக்குச் செல்வதும் நின்றுபோகும்.

இதற்குத் தீர்வு எளிது. மஞ்சள் நிலைப்படியின் விளிம்பிலும், ஒவ்வொரு படியின் முனையிலும் மூன்று விரற்கடை அகலத்துக்குக் காவிப் பட்டை இடுக. வழுக்கும் பளபளப்புப் பெயிண்டைப் படியில் தவிர்த்திடுக. விளக்கு மாடத்தைச் சுற்றி வெளிர்நிறம் பூசினால் சிறு சுடரும் நன்கு ஒளி பரப்பும். கோலமிடும் தரை காவியாகவோ கருமையாகவோ இருப்பின் மாவின் வெண்மை துலங்கும்.

முழுவதும் பூசுமுன் ஓரிடத்தில் சிறிது பூசி, அந்தி விளக்கேற்றும் வேளையில் வீட்டின் மூத்தவரை நிற்கச் செய்து காட்டுக. அவர் கண்ணுக்குப் படியைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் நிறமே அவ்வில்லத்துக்கு ஏற்ற நிறம். பெரியோர் இடறாமல் நுழையும் வாசலே திருமகளுக்கும் உகந்த வாசல்.