இடது காலுக்கு இனி என்ன வேலை?

கிணற்று மோட்டாருக்குக் கிளட்ச் கிடையாது. மாவரைக்கும் கிரைண்டருக்கும் கிடையாது. அரிசியை முழுக்கக் கொட்டியிருந்தாலும், சுவிட்சைத் தட்டியதும் கல் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. கரண்ட் வராத காலத்து ஆயில் இஞ்சின் ரைஸ்மில்லில் இது நடக்காது. இஞ்சினை முதலில் வெறுமனே ஓடவிட்டு, அது சீராக ஓடத் தொடங்கியபின் பெல்ட்டை லூஸ் புல்லியிலிருந்து மெல்லத் தள்ளி, பாரம் உள்ள புல்லிக்கு மாற்றுவார்கள். லாரி ஓட்டுநரின் இடது கால் செய்கிற வேலையும் இதுதான்.

கோவைக்காரர்களுக்கு மோட்டார் புதிதல்ல. நீலகிரியில் 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, மலையிலிருந்து மின்சாரம் இறங்கியது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரைக் கோவையின் பீளமேட்டில் உருவாக்கினார்கள். பாலசுந்தரம் நாயுடு தொடங்கிய டெக்ஸ்டூல் கம்பெனி கோவையின் கணபதிப் பகுதியில்தான் வளர்ந்தது. வார்ப்படம், லேத், காயில் கட்டும் கடை என்று ஒரு மோட்டாருக்கு வேண்டியதெல்லாம் சத்தியமங்கலம் போகும் சத்தி ரோட்டை ஒட்டிய தெருக்களிலேயே கிடைக்கும். அந்தத் தெருக்களில் வார்ப்புகளையும் பம்பு பாடிகளையும் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க ஓடுவது நாம் ‘குட்டி யானை’ என்று கூப்பிடும் டாடா ஏஸ். 2005-இல் வந்த அந்த வண்டியில் 702 சி.சி. டீசல் இஞ்சின், 16 குதிரைத்திறன். அதன் இஞ்சினை இறக்கிவிட்டு ஒரு மோட்டாரை ஏற்றினால் என்ன என்ற எண்ணம் இங்கே யாருக்கும் வரக்கூடியதுதான். இறக்கிய மறுநிமிடமே ஒரு கேள்வி எழும்: கிளட்சை வைத்துக்கொள்வதா, கழற்றி வீசுவதா?

டீசல் இஞ்சினுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்று முதலில் பார்க்கலாம். நின்றுபோன இஞ்சினிடம் துளி பலம்கூடக் கிடையாது. பிளைவீல் சுற்றி, பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தச் சூட்டில் டீசல் எரிந்தால்தான் அடுத்த சுற்று. நிமிடத்துக்கு 700, 800 சுற்றுக்குக் கீழே இறங்கினால் திணறி அணைந்துவிடும். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. ஓடுவதையும் நிற்பதையும் நேரடியாக இணைத்தால் ஒன்று இஞ்சின் நிற்கும், அல்லது ஏதாவது உடையும். இரண்டின் வேகமும் ஒன்றாகும்வரை உரசிக்கொண்டே விசையைக் கடத்த ஒரு தட்டு வேண்டும். ஹாஃப் கிளட்சில் ஏற்றத்தில் நிற்கும் லாரியிலிருந்து வரும் கருகல் வாடை, அந்தத் தட்டு தேய்கிற வாடை.

மோட்டார் நிற்கும்போதே இழுக்கும். சுற்றும் மோட்டார் தானே ஒரு டைனமோவாகவும் மாறி, உள்ளே வரும் மின்சாரத்துக்கு எதிராக ஒரு வோல்டேஜைத் தள்ளுகிறது. வேகம் கூடக்கூட இந்த எதிர்ப்பும் கூடும். நிற்கும்போது எதிர்ப்பே இல்லாததால், கன்ட்ரோலர் எவ்வளவு கரண்டை விடுகிறதோ அவ்வளவும் முறுக்கு விசையாகிறது. வண்டியை நகர்த்த விசை அதிகம் வேண்டிய நேரமும் அதுவே. 1895-இல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சார டிராம்களில் ஓட்டுநருக்குக் கிளட்ச் மிதி இருக்கவில்லை. ஈரோடு ஷெட்டில் பல ஆண்டுகள் இருந்த டபிள்யூ.டி.எம்-2 ரயில் இஞ்சின்களில் 2,600 குதிரைத்திறன் டீசல் இஞ்சின் உண்டு. ஆனால் அது சக்கரத்தைத் தொடாது. ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் சக்கரத்தைச் சுற்றும். ஆயிரக்கணக்கான டன் சரக்கை நின்ற நிலையிலிருந்து இழுக்கும்போது உரசியே கருகாத ஒரு கிளட்சைச் செய்வதைவிட, மின்சாரத்தையே நடுவில் வைத்தது எவ்வளவு அழகான யோசனை!

ஆக, வண்டியைக் கிளப்ப கிளட்ச் வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது கியரிலேயே விட்டுவிடலாம். அணைந்துபோக அங்கே எதுவும் ஓடவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் போதும்.

கியர் மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. பழைய கியர்பாக்ஸை அப்படியே வைத்து மோட்டாரை நேரடியாக இணைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கியரில் மோட்டார் 3,000 சுற்றில் ஓடுகிறது. அதே வண்டி வேகத்தில் மூன்றாம் கியருக்குப் போக அது 2,000 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். வேகத்தைச் சமன்செய்ய கியர்பாக்ஸுக்குள் சிங்க்ரோ எனப்படும் சிறிய பித்தளை வளையங்கள் இருக்கின்றன. கிளட்சை மிதித்தபின் தனியே சுழலும் ஒரு ஷாஃப்டையும் மெல்லிய கிளட்ச் பிளேட்டையும் அடக்குவதற்கு மட்டுமே அவை செய்யப்பட்டவை. இப்போதோ பல கிலோ எடையுள்ள ரோட்டர் முழுவதும் அவற்றின் தலையில் விழுகிறது. டீசல் இஞ்சினாவது காற்றை அமுக்கி, உரசித் தானே வேகம் குறைந்துவிடும். நல்ல பேரிங்கில் ஓடும் மோட்டார் லேசில் குறையாது. கிளட்ச் இல்லாமல் மாற்றுபவர் ஆக்சிலரேட்டரை விட்டு, நியூட்ரலுக்கு இழுத்து, ஓரிரு விநாடி பொறுத்து, கையில் லீவர் இளகும் நேரம் பார்த்து அடுத்த கியருக்குள் விட வேண்டும். அவசரப்பட்டால் பித்தளை தேயும். சிங்க்ரோ இல்லாத பழைய லாரிகளில் டபுள் கிளட்ச் அடித்து, இஞ்சின் சத்தத்தை வைத்தே கியர் போட்ட ஓட்டுநர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் தலைமுறையின் காதுக்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன்.

கிளட்சை வைத்துக்கொண்டால் இந்தக் காத்திருப்பு இல்லை. இன்னொரு நன்மை அதைவிடப் பெரியது. பழைய ஏஸ் இஞ்சினின் முறுக்கு விசை சுமார் 38 நியூட்டன் மீட்டர். டாடாவே 2022-இல் கொண்டுவந்த மின்சார ஏஸின் மோட்டார் தருவது 130. தொழிற்சாலை அதற்கேற்ற வேறு பாகங்களைப் போட்டு, கிளட்சே இல்லாமல் செய்தது. பட்டறையில் மாற்றும் வண்டியிலோ 38-க்கு அளந்து செய்த பழைய பற்கள்தான் இருக்கும். முதல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அவ்வளவு விசையும் ஒரே அடியாக அந்தப் பற்களில் இறங்கும். கிளட்ச் பிளேட்டின் நடுவே உள்ள ஸ்பிரிங்குகள் அந்த அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எல்லை மீறினால் தட்டு வழுக்கிக்கொடுக்கும். டெஸ்லா நிறுவனமே தன் முதல் காருக்கு யோசித்த இரண்டு வேக கியர்பாக்ஸ் தாக்குப்பிடிக்காமல் போய், 2008-இல் ஒற்றை கியருக்கு மாறியது. ஆகையால் மாற்றிய வண்டியில் முதல் கியரை மறந்துவிட்டு இரண்டில் கிளம்புவதே நல்லது.

பழைய டி.சி. சீரிஸ் மோட்டார் போடுபவர்கள் மட்டும் மிகக் கவனமாக இருக்க வேண்டும். பாரம் இல்லாமல் முழு வோல்டேஜ் கொடுத்தால் அதற்கு வேக வரம்பே கிடையாது. பாரம் குறைந்தால் கரண்ட் குறையும். கரண்ட் குறைந்தால் காந்தம் பலவீனப்படும். காந்தம் பலவீனப்பட்டால் எதிர் வோல்டேஜைக் காட்ட மோட்டார் இன்னும் வேகமாக ஓடும். கடைசியில் சுழற்சி விசையிலேயே காமுட்டேட்டர் சிதறும். ஆக்சிலரேட்டரை மிதித்தபடி, டீசல் லாரிப் பழக்கத்தில் கிளட்சை அழுத்தினால் போதும், இது நடக்க. கன்ட்ரோலர் பழுதாகி முழு மின்சாரமும் பாய்ந்து வண்டி தானாக ஓடும்போது, உயிரைக் காப்பாற்ற அழுத்த வேண்டியதும் அதே கிளட்ச்தான். அதனால் பேட்டரியை ஒரே தட்டில் துண்டிக்கும் அவசர சுவிட்ச் ஓட்டுநரின் கையெட்டும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். கிளட்ச் இருக்கிறதே என்று இதை விட்டுவிடும் பட்டறையை நம்பாதீர்கள். ஏ.சி. இண்டக்‌ஷன் மோட்டாரில் இந்த ஆபத்து இல்லை. அதன் வேகத்தை, பேட்டரியின் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டரின் அலைவெண் கட்டிப்போடுகிறது. இன்வெர்ட்டர் கெட்டால் மோட்டார் இழுப்பதை விட்டுவிடும். மோட்டாரையே எதிர்த்திசையில் சுழற்றலாம் என்பதால் ரிவர்ஸ் கியர்கூடத் தேவையில்லை. என் ஓட்டு ஏ.சி. மோட்டாருக்குத்தான்.

மோட்டார் ஷாஃப்டையும் கியர்பாக்ஸ் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் அடாப்டர் பிளேட்டும் கப்ளிங்கும் டயல் கேஜ் வைத்துக் கடைய வேண்டிய வேலை. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு விலகினாலும் பேரிங் கத்தும். கணபதி லேத்துகளுக்கு இது கைவந்த கலை. சட்டம் தனி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி பதிவுச் சான்றில் மாற்றம் செய்யாமல் வண்டியின் இஞ்சினை மாற்றிச் சாலையில் ஓட்ட முடியாது. முழு மின்சாரத்துக்கு மாற்றும் கிட், ஏ.ஐ.எஸ்-123 என்ற தரவிதிப்படி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இஞ்சினோடு சேர்ந்து பிரேக் பூஸ்டருக்கான வேக்குவமும் போய்விடும் என்பதால், அதற்குத் தனி பம்ப் வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது ஆர்.டி.ஓ.வுக்காக மட்டும் அல்ல.

ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால் இரண்டாம் கியரிலேயே விட்டுவிடலாம். கிளட்ச் மிதிக்கு வேலையே இராது. ஆனால் சத்தி ரோட்டிலேயே நேராகப் போனால் திம்பம் மலைப்பாதை வருகிறது. 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் கியர் குறைத்து விசையைக் கூட்டிக்கொள்ள முடிகிற வண்டி, ஒரே கியரில் கரண்டைக் கொட்டி மோட்டாரைச் சூடாக்கும் வண்டியைவிட நிம்மதியாக ஏறும். அங்கே கிளட்ச் தன் இடத்துக்குத் தகுதியானது.

இறக்கத்தில் நிலைமை வேறு. கியரில் இருக்கும் ஏ.சி. மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியைப் பிடித்து நிறுத்தும். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். ஒன்றரை டன் எடையுள்ள வண்டி ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் சுமார் 0.4 யூனிட் ஆற்றலை வெளியிடுகிறது. சேதாரம் போக ஒரு பங்கு மீண்டும் கையில் வரும். கிளட்சை அழுத்தினால் அந்தப் பிடி அந்தக் கணமே அறுந்து, முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பேட்டரி நிரம்பியிருந்தாலும் இதே கதைதான்: திரும்பும் மின்சாரத்தை வைக்க இடமில்லாமல் கன்ட்ரோலர் பிடியைத் தளர்த்திவிடும். ஆகவே மலைமேல் உள்ள தாளவாடியில் காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே வருகிறவர், புறப்படும் முன் பேட்டரியை நூறு சதவீதம் நிரப்பாமல், மலை இறங்கும்போது சேரப்போகும் மின்சாரத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும்.