அடுத்த காணொளியைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

இணையக் காணொளிகளில் நேரம் கரைவதைத் தனிமனிதரின் மன உறுதிக் குறைவாகவே பேசிப் பழகிவிட்டதால், அதன் பின்னுள்ள வணிகக் கணக்கு பெரும்பாலும் கவனத்துக்கு வருவதில்லை. 2005இல் தொடங்கப்பட்ட யூடியூப், ஒரு காணொளி எத்தனை முறை சொடுக்கப்படுகிறது என்பதைவிட எவ்வளவு நேரம் பார்க்கப்படுகிறது என்பதையே 2012 முதல் தன் பரிந்துரைகளின் முதன்மை அளவுகோலாக்கியது. அத்தளத்தில் செலவாகும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது பரிந்துரைகளால் விளைவதே என்று அந்நிறுவனத்தின் நீல் மோகன் 2018இல் தெரிவித்தார். பரிந்துரை என்பது, பயனர் முன்பு பார்த்தவற்றையும் தேடியவற்றையும் கொண்டு அவர் அடுத்து எதில் நிலைப்பார் என மென்பொருள் கணிக்கும் முறையாகும். அதனுடன், ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானே தொடங்கும் ஆட்டோபிளேயும், ஷார்ட்ஸ் போன்ற குறுங்காணொளிகளின் முடிவில்லா வரிசையும் சேரும்போது, போதும் என்று எழுவதற்கு இயல்பாக வாய்க்கும் இடைவெளி மறைந்துவிடுகிறது. தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த ‘ஒளியும் ஒலியும்’ பாடல் நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்துபோன தலைமுறைக்குத் தனி மன உறுதி எதுவும் தேவைப்படவில்லை, நிகழ்ச்சியே முடிந்துவிட்டது.

இப்படி இடைவெளியின்றிப் பார்ப்பதால் முதலில் குறைவது பெரும்பாலும் உறக்கமே. எனினும், மிகுதியாகப் பார்ப்போர் அனைவரையும் நோயாளிகள் என்பது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் மின்னணு விளையாட்டுக் கோளாறுக்கு இடமுண்டேயன்றிக் காணொளிப் பழக்கத்துக்குத் தனி இடமில்லை. சிறு குழந்தைகள் குறித்து மட்டும் அந்நிறுவனம் 2019இல் திட்டவட்டமாக வரையறுத்தது: 2 வயதுக்குட்பட்டோருக்குத் திரையே கூடாது, 2 முதல் 4 வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

சட்டம் தரும் காப்பு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பயனரின் நடத்தையை அடிப்படையாகக் கொள்ளாத பரிந்துரை வரிசை ஒன்றையேனும் வழங்குமாறு மிகப் பெரிய தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சில விதிவிலக்குகளுடன் தடைசெய்கிறது. ஆனால் அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கோ அதன்பின்னும் 18 மாத அவகாசம் உண்டு. வயது வந்தோருக்கு ஐரோப்பாவில் உள்ளது போன்ற தெரிவுரிமை இங்கே இல்லை.

ஆகவே இப்போதைக்குக் கைக்கெட்டும் தீர்வு, செயலியின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) மாற்றுவதே. இடைவேளை நினைவூட்டல்கள் ஒரே தட்டலில் மறைந்துவிடுவதால் அவற்றால் பெரும்பயன் இல்லை. ஆட்டோபிளேயை நிறுத்துவது ஓரளவு உதவும். பலரும் அறியாத வலுவான வழி, யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்துவிட்டு அதன் பதிவையும் நிறுத்திவைப்பதாகும். 2023 முதல், அவ்வாறு செய்தவரின் முகப்புப் பக்கம் பரிந்துரைகளின்றி வெறுமையாகிவிடுவதால், பயனர் தேவையானதைத் தாமே தேட வேண்டும், அல்லது தாம் சந்தா செய்த சேனல்களுக்குச் செல்ல வேண்டும். கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றுவதும் இத்துடன் சேர வேண்டிய பழக்கமே. இத்தனைக்குப் பிறகும் படிப்போ வேலையோ உறக்கமோ தொடர்ந்து சிதையுமானால், டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். நேரடிச் சிகிச்சை தேவைப்படுவோருக்காகப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் மிகைத் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே ‘ஷட்’ என்னும் தனிப் பிரிவு 2014 முதல் இயங்கிவருகிறது.