மருத்துவமனைக் கணக்கும் இன்ஷூரன்ஸ் பத்திரமும்

நோய் வந்தால் குடும்பத்திற்கு இரண்டு கவலைகள் உண்டாகின்றன. உடம்பு தேற வேண்டுமே என்பது ஒன்று. செலவுக்கு என்ன வழி என்பது மற்றொன்று. முதற் கவலையை வைத்தியரிடம் ஒப்படைக்கிறோம். இரண்டாவதை ஒப்படைப்பதற்கென்றே ஏற்பட்டது மருத்துவ இன்ஷூரன்ஸ். ஆண்டுதோறும் பிரீமியத்தைத் தவறாமல் செலுத்திப் பாலிசிப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் குடும்பத் தலைவர்கள் பலர், அக்கவலை தம்மை விட்டு நீங்கியதாகவே எண்ணியிருக்கின்றனர். நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் நாளன்றுதான் அது நீங்கவில்லை என்பது தெரிய வருகிறது. இதற்குக் காரணம் என்ன, பரிகாரம் என்ன என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

சட்டங்களையும் விதிகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது நம் தொழில். ‘இங்கு வேறு விதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி’ என்னும் தொடர் எத்தனை குடும்பங்களின் பணத்தை விழுங்க வல்லது என்பதை அலுவலக மேசையில் அமர்ந்து நாம் அறிந்ததில்லை. டில்லியில் ஒரு மருத்துவமனையின் பணம் செலுத்தும் வரிசையில் நின்றபோதுதான் அறிந்தோம். அவ்வனுபவத்தைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன்பு இவ்வேற்பாடு நம் நாட்டில் வளர்ந்த விதத்தைப் பார்த்தல் நலம்.

தொழிலாளர்களுக்கான அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1952-ஆம் ஆண்டில் கான்பூரிலும் டில்லியிலும் அத்திட்டம் தொடங்கிற்று. மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டம் 1954-ஆம் ஆண்டில் டில்லியில் தோன்றியது. இவ்விரண்டிலும் சேராத நடுத்தர மக்களுக்காக, அரசுடைமையான நான்கு பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ‘மெடிக்ளெய்ம்’ என்னும் பாலிசியை 1986-ஆம் ஆண்டில் கொண்டுவந்தன. 1999-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழுங்குமுறை ஆணையம் அமைந்து, தனியார் கம்பெனிகளுக்கும் வழி திறந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-ஆம் ஆண்டில் வந்தது. 2024 முதல், 70 வயது நிரம்பியவர்கள் வருமான வேறுபாடின்றி அதில் சேரலாயினர்.

மெடிக்ளெய்மின் தொடக்க நாட்களில் நோயாளி முதலில் தம் கைப்பணத்தைச் செலுத்திவிட்டு, ரசீதுகளைக் கம்பெனிக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது வழக்கமாயிருந்தது. கையில் பணமில்லாதவருக்கு இதனால் பயன் குறைவு. ஆகவே, கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கொடுக்கும் முறை வந்தது. இதனையே ‘கேஷ்லெஸ்’ என்கிறோம். இதற்கான அனுமதிகளையும் கணக்குகளையும் கவனிக்க டி.பி.ஏ. எனப்படும் இடைநிலை நிர்வாகிகள் ஏற்பட்டனர். அவர்களுக்கான விதிகள் 2001-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. ஆகவே, முன்பு நோயாளியும் மருத்துவமனையும் மட்டுமே இருந்த இடத்தில் இப்போது நால்வர் இருக்கின்றனர்: நோயாளி, மருத்துவமனை, கம்பெனி, இடைநிலை நிர்வாகி. பணம் ஒருவருடையது, செலவைத் தீர்மானிப்பவர் மற்றொருவர், அதைக் குறைப்பவர் வேறொருவர். குழப்பத்தின் வித்து இங்கேயே இருக்கிறது.

‘நெட்வொர்க்’ மருத்துவமனை என்பது, இன்ன சிகிச்சைக்கு இன்ன கட்டணம் என்று கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவமனை. அந்த ஒப்பந்தம் கம்பெனிக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ளதே அன்றி, அதில் நமக்குக் கையெழுத்து இல்லை. கட்டணம் போதவில்லை என்று மருத்துவமனையும், கட்டணம் மிகுதி என்று கம்பெனியும் முரண்பட்டால், ஒப்பந்தம் முறிகிறது. 2010-ஆம் ஆண்டு ஜூலையில் அரசுடைமைக் கம்பெனிகள் டில்லி, மும்பை, சென்னை, பெங்களூர் ஆகிய நகரங்களின் பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் கேஷ்லெஸ் வசதியை நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கலாம். பிரீமியம் செலுத்தியவர்களே அன்று பணத்துக்காக அலைந்தனர். பாலிசி வாங்கிய நாளில் பட்டியலில் இருந்த பெயர், நோய் வந்த நாளில் இல்லாமற் போவது இன்றும் நிகழ்வதே.

இனி நம் அனுபவத்தைக் கூறுவோம். 2023-ஆம் ஆண்டில் நம் தமக்கையாரின் கணவருக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கராயிருந்து ஓய்வு பெற்றவர். எனவே அரசுத் திட்டம் எதிலும் சேராதவர். ஆண்டுகள் பலவாக 3 லட்சம் ரூபாய்க்குப் பாலிசி வைத்திருந்தார். மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இருந்தது. சேர்க்கும் இடத்தில், நாள் ஒன்றுக்கு 6,000 ரூபாய் வாடகையுள்ள தனி அறைதான் காலியாயிருக்கிறது என்றனர். ‘இன்ஷூரன்ஸ் இருக்கிறதல்லவா, அதனாலென்ன’ என்று நாமும் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பின் விலையை நான்காம் நாள் கண்டோம்.

அன்று காலை பத்து மணிக்கு வைத்தியர் வீட்டுக்குப் போகலாம் என்றார். அனுமதி வரவேண்டும், அனுமதி வரவேண்டும் என்று மாலை ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தோம். மொத்தக் கணக்கு 1,40,000 ரூபாய். கம்பெனி ஏற்றுக்கொண்டது 68,000 மட்டும். மீதி 72,000 ரூபாயைச் செலுத்தினால்தான் புறப்படலாம் என்றனர். “பேத்தியின் காலேஜ் கட்டணத்துக்கு வைத்திருக்கிறேனே தம்பி, அதை எடுத்துக் கட்டிவிடு. இவரை இன்னொரு ராத்திரி இங்கே வைத்திருக்க என்னால் ஆகாது” என்றார் தமக்கையார். கட்டிலில் சாய்ந்திருந்த அத்தானோ, “இத்தனை வருஷம் பிரீமியம் கட்டினது நான்தானே, மாப்பிள்ளை? எங்கே தப்புச் செய்தேன், அதைச் சொல்லு” என்று கேட்டார். நம்மிடம் அப்போது விடையில்லை. வீட்டுக்கு வந்து, பத்திரத்தை முதல் வரியிலிருந்து படித்த பிறகே விடை கிடைத்தது.

பத்திரத்தில் அறை வாடகைக்கு ஓர் எல்லை இருந்தது: இன்ஷூர் செய்த தொகையில் நூற்றுக்கு ஒன்று, அதாவது நாள் ஒன்றுக்கு 3,000 ரூபாய். நாம் எடுத்த அறை அதைப்போல் இரு மடங்கு. வாடகை வித்தியாசம் நான்கு நாளுக்கு 12,000 ரூபாய்தானே என்று எண்ணத் தோன்றும். அவ்வாறன்று. பல மருத்துவமனைகளில் அறை உயர்ந்தால் அறுவைக் கூடத்தின் கட்டணமும் வைத்தியரின் கட்டணமும் கூடவே உயர்கின்றன. ஆகவே, அறை எந்த விகிதத்தில் எல்லையைக் கடந்ததோ, அந்த விகிதத்திலேயே இக்கட்டணங்களையும் கம்பெனி குறைக்கிறது. இதற்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர்.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அறை வாடகை 24,000, அறுவை, மயக்க மருந்து, செவிலியர் முதலியன 80,000, மருந்துகள் 18,000, பரிசோதனைகள் 14,000, கையுறை, வெப்பமானி, உடனிருந்தவரின் உணவு போன்றவை 4,000. கடைசி வகை, கம்பெனி ஏற்காத பொருள்களின் பட்டியலில் சேர்ந்தது. அது முழுதும் நம்முடையதே. மற்றவை அனைத்தையும் சரிபாதியாக்கி 68,000 என்று முடித்திருந்தனர். இங்கேதான் ஒரு தவறு இருந்தது. ஒழுங்குமுறை ஆணையம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மருந்து, உடலினுள் பொருத்தும் கருவிகள், நோயறி பரிசோதனை ஆகியவற்றில் விகிதாசாரக் கழிவு செய்யலாகாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் ஆகாது. அறைக்கு அறை கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையிலும் அக்கழிவுக்கு இடமில்லை. அவ்விலக்கு அத்தானின் பத்திரத்திலேயே, பொருள் விளக்கப் பகுதியில் அச்சாகியிருந்தது.

மருந்திலும் பரிசோதனையிலும் பிடித்த பாதி 16,000 ரூபாய். பத்திரத்தின் பக்க எண்ணைக் குறித்து, கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினோம். முதற் கடிதத்துக்குப் பதிலில்லை. இரண்டாவதன் பின் பணம் வந்தது. எஞ்சிய 56,000 ரூபாய் வரவில்லை, வருவதற்கு நியாயமுமில்லை. அதில் 4,000 நீங்கலாக மற்றது முழுவதும் சேர்க்கும் இடத்தில் நாம் அசைத்த தலைக்குக் கொடுத்த விலை. கம்பெனி ஒரு தவறு செய்தது. நாம் ஒரு தவறு செய்தோம். நம் தவறே பெரிது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால், எல்லையைக் கடந்த அறை இது என்று சேர்க்கும் நேரத்தில் ஒருவரேனும் சொல்லியிருந்தால், வேறு அறைக்குக் காத்திருந்திருப்போம். மருத்துவமனைக்கு அதைச் சொல்வதால் லாபமில்லை. கம்பெனியோ அங்கே இல்லை.

அதற்குப் பின் விதிகள் ஓரளவு திருந்தியிருக்கின்றன. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆணையம் பிறப்பித்த சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கேட்கும் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்லவேண்டும். வீட்டுக்கு அனுப்பும் வேளையில், மருத்துவமனையின் வேண்டுகோள் கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தரவேண்டும். அதற்குமேல் தாமதித்தால், அதனால் மருத்துவமனை கூடுதலாக வாங்கும் தொகையைக் கம்பெனியே ஏற்கவேண்டும். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்காகக் காத்திருக்க வேண்டிய காலம் அதிக அளவாக 36 மாதம் என்று குறைக்கப்பட்டது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், மோசடி நிரூபணமானாலன்றி, பழைய விவரங்களைக் கிளறிக் கோரிக்கையை மறுக்கலாகாது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் பெற முயலும் ஏற்பாட்டைப் பொது இன்ஷூரன்ஸ் கவுன்சில் 2024 ஜனவரியில் அறிவித்தது. ஆயினும் அதற்கு முன்கூட்டியே கம்பெனிக்குத் தெரிவிக்கவேண்டும், மருத்துவமனையும் இசையவேண்டும்.

விதிகள் இருந்தால் மட்டும் போதாது. கேட்பவர் இருந்தால்தான் அவை உயிர் பெறும். ஆதலின் நேயர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளவேண்டும். பாலிசி கைக்கு வந்ததும் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள்: அறை வாடகையின் எல்லை, நோயாளியும் பங்கு செலுத்தவேண்டிய விகிதம், தனித்தனி நோய்களுக்கான உச்ச வரம்பு, காத்திருக்கும் காலம். பிடிக்காவிட்டால், பத்திரம் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். திட்டமிட்ட அறுவையாயின், சேர்வதற்கு முன்பு கம்பெனியைக் கேட்டு, அந்த மருத்துவமனை இன்றும் பட்டியலில் உண்டா என்று உறுதி செய்யுங்கள். பழைய பட்டியலை நம்பவேண்டாம். ‘என் எல்லை இவ்வளவு, அதற்குட்பட்ட அறை வேண்டும்’ என்று சேர்க்கும் இடத்தில் எழுதியே கொடுங்கள். புறப்படும்போது மொத்தத் தொகை மட்டும் குறித்த சீட்டை ஏற்காமல், இனம் இனமாகப் பிரித்த கணக்கைக் கேட்டு வாங்குங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ஆம் ஆண்டில் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம், விலை விவரம் அறியும் உரிமையையும் அதில் சேர்த்திருக்கிறது.

கம்பெனி தொகையைக் குறைத்தாலோ மறுத்தாலோ, எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதவேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தை அணுகலாம். டில்லி, சென்னை, மும்பை உள்ளிட்ட பல நகரங்களில் அவ்வலுவலகங்கள் உள்ளன. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஓராண்டுக்குள் மனுச் செய்துகொள்ளவேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

அத்தான் இப்போது நலமாயிருக்கிறார். பாலிசிப் பத்திரம் பெட்டியில் இல்லை. அவருடைய மேசை மேல் இருக்கிறது. அறை வாடகை எல்லை குறித்த பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு, அதன் சாரத்தைப் பேத்தியின் கையால் எளிய தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். நோயில் படுத்திருப்பவரால் பத்திரம் படிக்க இயலாது; உடனிருப்பவருக்கு அப்போது நிதானம் இராது. ஆகவே, உடம்பு நன்றாயிருக்கும் ஒரு நாளில், வீட்டிலுள்ளோர் அனைவரும் சேர்ந்து அமர்ந்து அதைப் படித்துவிடுவதே தக்கது.