இணையத்தின் வழிகள்

வட சென்னையில் மணலிக்கு அருகில் அமைந்துள்ள ஊர் சடையங்குப்பம். 2011ஆம் ஆண்டில் அவ்வூர் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. தில்லியில் வாழும் ஒருவர் அவ்வூரிலுள்ள தம் உறவினர்க்கு மடல் எழுதுகிறார். அம்மடலைப் பிரிக்கும் தில்லி அஞ்சல் ஊழியர், சடையங்குப்பம் எங்குள்ளது என்பதை அறிந்திருத்தல் வேண்டுமா? வேண்டுவதில்லை. உறையின்மேல் உள்ள ஆறிலக்க எண்ணே அவர்க்கு வழி காட்டும்.

அஞ்சல் குறியீட்டு எண் எனப்படும் இம்முறையை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். இது 1972ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முதலிலக்கமாகிய 6, மடல் தமிழ்நாடு, கேரளம் முதலிய தென்பகுதிக்கு உரியது என்று உணர்த்தும். 600 என்னும் முதல் மூன்றிலக்கம் சென்னையைக் காட்டும். எஞ்சிய மூன்றிலக்கமும் அஞ்சல் நிலையத்தைச் சுட்டும். தொலைவில் உள்ளோர் திசையை அறிந்தாற் போதும். அண்மையில் உள்ளோரே தெருவை அறிதல் வேண்டும். ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட அஞ்சல் நிலையங்களைக் கொண்ட நம் நாட்டிற்கு இம்முறை பெருந்துணையாய் உள்ளது.

இணையமும் இவ்வாறே இயங்குகிறது. அதன் வழியே செல்லும் செய்தி சிறுசிறு துண்டுகளாகப் பிரிந்து செல்லும். ஒவ்வொரு துண்டும் சேரவேண்டிய இடத்தின் எண்ணைத் தாங்கியிருக்கும். இடையிலுள்ள ரவுட்டர் என்னும் கருவி, தன் வழிப்பட்டியலைப் பார்த்து அத்துண்டினை அடுத்த கருவிக்கு அனுப்பும். நான்காம் பதிப்பு முறையில் ஏறத்தாழ 429 கோடி எண்கள் உள்ளன. எண்ணுக்கு ஒரு வரி எழுதப் புகுந்தால், அப்பட்டியலைத் தாங்க எக்கருவியாலும் இயலாது.

தொடக்கத்தில் எண்கள் சில குறித்த அளவுகளிலேயே வழங்கப்பட்டன. 256 எண்கள் கொண்ட தொகுதி அவற்றுள் சிறியது. ஆயிரம் கணிப்பொறிகள் உடைய நிறுவனம் அத்தகைய தொகுதிகள் நான்கைப் பெற்றால், உலகின் பெரிய ரவுட்டர்கள் யாவும் அதன்பொருட்டு நான்கு வரிகளைச் சுமக்க நேர்ந்தது. இணையம் வளர வளரப் பட்டியலும் பெருகியது. ஆகவே, அடுத்தடுத்த தொகுதிகளை ஒன்றாகத் திரட்டி ஒரே வரியாகச் சொல்லும் முறை 1993ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. நான்கு வரி ஒரு வரியாயிற்று.

எனினும் இடர் முற்றும் நீங்கவில்லை. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், பெரிய நிறுவனம் ஒன்று, திரட்டிச் சொல்ல வேண்டிய தன் வழிகளை ஏறத்தாழ 15,000 துண்டுகளாகப் பிரித்து அறிவித்துவிட்டது. உலக வழிப்பட்டியல் 5,12,000 என்னும் அளவைக் கடந்தது. பழைய ரவுட்டர்கள் பலவற்றின் நினைவகம் அவ்வளவே கொள்ளும். அவை தடுமாறின, பல நாடுகளில் இணையச் சேவை தடைப்பட்டது. அறிவிப்பு விரைவில் நீங்கியபோதிலும், வரவிருந்த நெருக்கடியை அஃது உலகிற்கு உணர்த்திற்று.

இன்று அப்பட்டியல் ஒன்பது இலட்சம் வரிகளையும் கடந்துள்ளது. ஒரு வழி அறுந்தால் மறுவழி வேண்டும் என்று கருதும் நிறுவனங்கள், தமக்கெனத் தனிவரி பெறுகின்றன. அதனால் வரும் நன்மை அவற்றிற்கு, சுமையோ உலகிற்கு. தனிவரி தேவையா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்து, திரட்டக் கூடியதைத் திரட்டிச் சொல்லுதல் வேண்டும். பொதுவழியைப் பேணுவது அதில் நடப்போர் அனைவர்க்கும் உரிய கடமை அன்றோ?