முதல் நாள் எழுதிய காரணம்

பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்று போன் வந்ததும் செய்தி டெஸ்கில் எழும் முதல் கேள்வி, "எத்தனை பேர்?" அடுத்த கேள்வி, "எப்படி?" முதல் கேள்விக்கான பதில் ராத்திரி முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். மூன்று என்பார்கள், ஐந்து என்பார்கள், கடைசிப் பதிப்பு அச்சுக்குப் போகும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு தகவல் வரும். இரண்டாவது கேள்விக்கான பதில் அப்படி மாறுவதில்லை. ஒரு தடவை எழுதிவிட்டால் அது நின்றுவிடும். ஊர் வாயிலும் நிற்கும், படித்தவர் மனதிலும் நிற்கும்.

திருநெல்வேலியிலும் மதுரையிலும் நாளிதழ் டெஸ்கில் துணையாசிரியராக இருந்தவள் நான். விருதுநகர் மாவட்டத்துச் செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைப்பது நெடுங்காலம் என் வேலை. பட்டாசு விபத்துச் செய்திகளில் 'எப்படி' என்பதற்கு நிருபர்கள் அனுப்பும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: மருந்துக் கலவை தயாரிக்கும்போது உராய்வு ஏற்பட்டது. இது பொய்யில்லை. பட்டாசு மருந்து உராய்வில் தீப்பிடிக்கக் கூடியதுதான். ஆனால் அந்தச் சின்ன அறையில் அனுமதித்ததைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருந்தார்களா, அளவுக்கு மேல் மருந்து குவிந்திருந்ததா, உரிமம் வாங்கியவர் ஆலையை உள்குத்தகைக்கு விட்டிருந்தாரா என்பதெல்லாம் விசாரணையில் தெரிய வாரக்கணக்கில் ஆகும். தெரிய வரும்போது அது உள்பக்கத்தில் சிங்கிள் காலம் செய்தி. அதற்குள் படித்தவர் மனதில் 'உராய்வு' குடியேறிவிட்டது. உராய்வு என்றால் கலவையைக் கையாண்ட தொழிலாளியின் கை. அந்தக் கைக்குரியவர் உயிரோடு இல்லை, பதில் சொல்ல.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை இந்தப் பகுதியில் மறந்தவர்கள் குறைவு. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்கள், என்னவென்று பார்க்கப் போனவர்கள். இதுவும் அந்த நாள்களில் பத்திரிகைகளில் வந்ததுதான். இன்று யாரிடமாவது கேட்டால் ஊர்ப்பெயர் சொல்வார்கள், பட்டாசு ஆலை என்பார்கள். ஓடிப்போனவர்கள் இறந்ததை நினைவில் வைத்திருப்பவரை நான் அபூர்வமாகத்தான் சந்திக்கிறேன்.

வாசகருக்கு ஞாபகமில்லை என்று குறைசொல்ல இதை எழுதவில்லை. செய்தி எழுதும் முறைக்கும், மனம் அதை வைத்துக்கொள்ளும் முறைக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அதைப் பத்திரிகையில் இருப்பவர்களும் வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

செய்தியை நடந்த வரிசையில் எழுதுவதில்லை. முக்கியமானது மேலே, குறைந்த முக்கியத்துவம் உள்ளது கீழே. தலைகீழ் பிரமிடு என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டனில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது, அசோசியேட்டட் பிரஸ் நிருபர் லாரன்ஸ் கோப்ரைட் முதலில் தந்தியில் அனுப்பியது ஒரே வாக்கியம்: அதிபர் நாடக அரங்கில் சுடப்பட்டார், பிழைப்பது கடினமாக இருக்கலாம். மற்ற விவரமெல்லாம் பிறகு. தந்திக் காலம் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. பக்கம் கட்டும் நேரத்தில் விளம்பரம் ஒன்று புதிதாக வந்து நின்றால், செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவோம். மேலே கை வைக்க மாட்டோம்.

கீழே என்ன இருக்கும்? குற்றம் சாட்டப்பட்டவரின் மறுப்பு இருக்கும். "இதுகுறித்து அவர் தரப்பில் கேட்டபோது" என்று தொடங்கும் பத்தி ஏறக்குறைய எப்போதும் கடைசிப் பத்திதான். வெட்டுக்கு முதலில் போவதும் அதுதான். வெட்டாமல் விட்டாலும், பஸ்ஸில் நின்றுகொண்டு படிப்பவர் அதுவரை வருவதில்லை.

தமிழில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். 'மருந்துக் கலவை தயாரிக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்ததில் 5 தொழிலாளர்கள் உடல் கருகி இறந்தனர்' என்று எழுதுகிறோம். இறந்தனர் என்ற நிகழ்வுக்கு வாசகர் வந்து சேரும் முன்பே காரணத்தைக் கடந்து வந்துவிடுகிறார். காரணம் இன்னும் உறுதியாகவில்லை என்றாலும், அது நடந்து முடிந்த உண்மையைப் போல வாக்கியத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்துவிடுகிறது. அதைச் சொன்னது போலீஸ்தான் என்ற தகவல் இரண்டு பத்தி தள்ளி வரும். எத்தனையோ இளம் நிருபர்களிடம் இதைப் பற்றி வாதாடியிருக்கிறேன். "அக்கா, இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாரு, வேற யாருகிட்ட கேக்க?" என்பார்கள். இன்ஸ்பெக்டர் சொன்னார் என்றால் அதை இன்ஸ்பெக்டர் வாயிலேயே வை, தனி வாக்கியமாக எழுது என்பேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வது என் வழக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாலின் ஜான்சன், காலீன் சைஃபர்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்டது. ஒரு கிடங்கில் தீ விபத்து. அதைப் பற்றிய தகவல்களைத் துண்டு துண்டாக, ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கக் கொடுத்தார்கள். தீ தொடங்கிய இடத்துக்கு அருகே ஒரு சிற்றறையில் எண்ணெய் பெயின்ட்டும் காஸ் சிலிண்டர்களும் இருந்தன என்று ஒரு தகவல் சொன்னது. சற்று நேரத்தில் வந்த இன்னொரு தகவல், அந்த அறை காலியாகத்தான் இருந்தது, முன்பு சொன்னது தவறு என்று திருத்தியது. படித்தவர்களுக்குத் திருத்தம் நினைவில் இருந்தது. அறையில் ஒன்றும் இல்லை என்று அவர்களே சொன்னார்கள். ஆனாலும் ஏன் அவ்வளவு கரும்புகை என்று கேட்டால், பெயின்ட் எரிந்திருக்கும் என்றார்கள். வெடிச்சத்தம் ஏன் என்றால், சிலிண்டர் என்றார்கள். நிறுவனத்தின் கவனக்குறைவைப் பற்றியும் பேசினார்கள்.

இவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். மனம் செய்தியைக் குறிப்பேட்டில் எழுதுவதுபோல் எழுதி வைப்பதில்லை. காரணமும் விளைவும் கோத்த ஒரு கதையாகக் கட்டி வைக்கிறது. கதைக்கு நடுவிலிருந்து காரணத்தை உருவினால் அங்கே ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை மனம் பொறுக்காது, உருவியதையே மறுபடி எடுத்து அடைத்துக்கொள்ளும். அதே ஆய்வில் இன்னொரு குழுவிடம், அறை காலி என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், யாரோ வேண்டுமென்றே தீ வைத்ததற்கான அடையாளங்கள் கிடைத்தன என்றும் சொன்னார்கள். அந்தக் குழுவினர் பெயின்ட்டையும் சிலிண்டரையும் பெருமளவு விட்டுவிட்டார்கள். இன்னொரு காரணம் கையில் கிடைத்ததும் பழையது பிடி தளர்ந்தது.

நம் ஊரில் இதற்கு ஆய்வு வேண்டாம். 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்ற பழமொழியே போதும். ஒருவர் மீது சொன்ன பழி பொய் என்று நிரூபணமான பிறகும், காரியம் முடிந்தது என்று விடாமல் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன் பெயரை எடுத்தபோது, நன்றாகப் படித்த உறவினர் ஒருவரே என்னிடம் கேட்டார்: "விடுதலை ஆயிட்டாரு, சரி. ஆனா ஒண்ணுமே இல்லாமலா புடிச்சாங்க?"

நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம். இஸ்ரோவில் கிரயோஜெனிக் எஞ்சின் திட்டத்துக்குத் தலைமை வகித்த நம்பி நாராயணனை 1994 நவம்பர் 30-ஆம் தேதி கேரள போலீஸ் கைது செய்தது. ராக்கெட் ரகசியங்களை மாலத்தீவுப் பெண்கள் வழியாகப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் 50 நாள்கள் சிறையில் இருந்தார். வழக்கை எடுத்துக்கொண்ட சிபிஐ, 1996-இல் குற்றச்சாட்டுகள் பொய் என்று நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. கேரள அரசு மறுபடி விசாரிக்க முயன்றதை 1998-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 14-ஆம் தேதி, அவரைக் கைது செய்ததே தேவையற்றது என்று சொல்லி, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு பத்மபூஷண் வந்தது.

கைதுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவே 24 ஆண்டுகள். ஒற்றர், பெண்கள், பாகிஸ்தான், பணம் எல்லாம் சேர்ந்த முதல் கதை முழுமையான கதையாக இருந்தது. ஒருவர் ஏன் அப்படிச் செய்வார் என்பதற்கான விடை அதற்குள்ளேயே இருந்தது. பின்னால் வந்த திருத்தமோ 'அது இல்லை' என்று மட்டும் சொன்னது. அப்படியானால் யார் இதைப் புனைந்தார்கள், எதற்காக? அதை விசாரிக்கும்படி சிபிஐக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2021-இல்தான். அதுவரை வாசகரின் மனதில் அந்த இடம் பள்ளமாகவே கிடந்தது. இத்தனைக்கும், விற்றதாகச் சொன்ன கிரயோஜெனிக் தொழில்நுட்பம் 1994-இல் நம் கையிலேயே இல்லை. உள்நாட்டு கிரயோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் முதன்முறையாக வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5-ஆம் தேதி. விற்பதற்கு என்ன இருந்தது என்ற கேள்வியை 1994 டிசம்பரிலேயே யாராவது ஒரு நிருபர் ஓர் இஸ்ரோ பொறியாளரிடம் கேட்டு, பதிலை முதல் பத்தியில் வைத்திருந்தால், அந்தக் கதை அவ்வளவு எளிதாக நின்றிருக்காது. இதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

'போலீசார் கூறினர்' என்று எழுதிவிட்டோமே, பொறுப்பு அவர்களுடையதுதானே என்று சில சக பத்திரிகையாளர்கள் சொல்வார்கள். சட்டத்துக்கு அது போதுமாக இருக்கலாம். ஞாபகத்துக்குப் போதாது. 1951-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹோவ்லண்டும் வால்டர் வைஸும் ஒரு சோதனை செய்தார்கள். அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்ட முடியுமா என்பது பற்றிய ஒரே கட்டுரையைச் சிலருக்கு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் பெயரிலும், சிலருக்கு சோவியத் பத்திரிகையான பிராவ்தாவின் பெயரிலும் கொடுத்தார்கள். படித்தவுடன் ஓப்பன்ஹைமர் சொன்னதை நம்பியவர்கள் அதிகம். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. யார் சொன்னது என்பது கழன்று விழுந்து, என்ன சொன்னது என்பது மட்டும் மிஞ்சியது. நாம் கவனமாகச் சேர்க்கும் 'கூறப்படுகிறது', 'தெரிகிறது' எல்லாம் அப்படித்தான் உதிர்கின்றன.

இதில் என்னை அதிகம் வருத்துவது தற்கொலைச் செய்திகள். தேர்வு முடிவு வந்த மறுநாள், 'தேர்வில் தோல்வி: மாணவி தற்கொலை' என்று ஒரே மூச்சில் காரணத்தையும் சாவையும் கட்டிவிடுகிறோம். அந்தப் பெண்ணின் மனதில் எத்தனை காலமாக என்ன இருந்தது, வீட்டில் என்ன நடந்தது, உதவி கேட்டாளா என்பது அன்று இரவு யாருக்கும் தெரியாது. ஒற்றைக் காரணத்தில் அடக்கிவிடாதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லும் அறிவுரைகளில் ஒன்று. அந்த நிறுவனத்தின் அறிக்கையை அடிப்படையாக வைத்து இந்தியப் பத்திரிகை கவுன்சிலும் 2019-இல் வழிகாட்டுதல்களை ஏற்றது. இது வெறும் நாகரிகம் பற்றிய விஷயமில்லை. அந்தத் தலைப்பை அன்று காலை படிப்பவர்களில் அதே தேர்வில் தோற்ற வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தோல்விக்கு அடுத்தது சாவு என்ற கதையை அவர்களுக்கு நாமே கட்டிக் கொடுக்கிறோம்.

காரணம் இல்லாமல் செய்தி எழுத முடியுமா? முடியும். 'வெடித்ததற்கான காரணம் இன்னும் தெரியவில்லை. ஆலையின் உரிமம், அறையில் இருந்தவர்களின் எண்ணிக்கை, மருந்தின் அளவு பற்றி விசாரணை நடக்கிறது' என்று எழுதினால் வாசகர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த நாள் அந்தக் கேள்விகளோடு பத்திரிகையைத் திறப்பார். போட்டிப் பத்திரிகை காரணத்தோடு வந்துவிடுமே என்ற பயம் டெஸ்கில் உண்மையானது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று அச்சில் போட, ஆசிரியர் கூடவே நிற்கும் தைரியம் வேண்டும்.

திருத்தம் போடும்போதும் 'இன்னது தவறு' என்பதோடு நிறுத்தக் கூடாது. உண்மையில் நடந்தது என்ன என்பதையும், அந்தத் தவறு எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். பள்ளத்தை நிரப்பாமல் விட்டால் பழையதே திரும்பி வரும்.

கைதுச் செய்திகளுக்கு இன்னும் ஒரு படி தேவை. வழக்கு நடந்து விடுதலை ஆக ஆறு, ஏழு வருஷம் ஆகலாம். அதற்குள் அன்று எழுதிய நிருபர் மாற்றலாகியிருப்பார், கோர்ட்டுக்குப் போகும் பகுதிநேர நிருபருக்கு அந்தப் பெயர் எதையும் நினைவூட்டாது. ஆகவே ஒவ்வொரு பதிப்பும், முதல் பக்கத்தில் யாரையெல்லாம் கைதானவர் என்று படத்தோடு போட்டதோ அவர்களின் பெயர், வழக்கு எண், நீதிமன்றம் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, மாதத்துக்கு ஒரு முறை ஒருவர் பார்த்துவர வேண்டும். விடுதலையானால் கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவில் அது வர வேண்டும். இணையத்தில் கிடக்கும் பழைய செய்தியின் தலைப்புக்கு மேலேயே, இவர் இன்ன தேதியில் இன்ன நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார் என்று எழுதிச் சேர்க்க வேண்டும். பத்து வருஷம் கழித்து அவர் மகளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் தேடிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.